தனியாக அனுப்பலாமா? பயிற்சிக்கு வரும் கால்நடை மருத்துவ மாணவரை மதிப்பிடுவது எப்படி

முதல் தடவையாகத் தங்கள் மருந்தகத்துக்குப் பயிற்சி மருத்துவர்கள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட இளைய கால்நடை மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், குலசேகரம், திருவட்டாறு சுற்றுவட்டாரத்தில் வேலை பார்க்கிறவள். ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) வாழையும் உள்ள மண். வீட்டுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ கலப்பினப் பசு, நாலைந்து ஆடு, வாசலில் ஒரு நாய் என்று வைத்திருப்பவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். பெரிய பண்ணை அபூர்வம். ஒரு பசு செத்தால் அந்த வீட்டுக்குப் பால் சொசைட்டியிலிருந்து வரும் காசு மொத்தமாக நின்றுவிடும். பயிற்சிப் பதிவேட்டில் நாம் போடும் கையெழுத்தை நம்பித்தான் அடுத்த வருடம் இந்தப் பிள்ளைகள் இப்படி ஒரு தொழுவத்துக்குள் தனியாக நுழையப் போகிறார்கள். அதை மனதில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறோம்?

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு இப்போது ஐந்தரை வருடம். அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. நம்மிடம் வரும்போது எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். நாமும் உட்கார வைத்து "பால் காய்ச்சலுக்கு என்ன காரணம்?" என்று கேட்டால், ஏற்கெனவே பேராசிரியர் கேட்டு மதிப்பெண் போட்ட கேள்வியை மறுபடி கேட்கிறோம், அவ்வளவுதான். 1990-இல் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் இதை நாலு படியாகப் பிரித்தார்: தெரியும், எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரியும், செய்துகாட்ட முடியும், நிஜ வேலையில் செய்கிறார். முதல் மூன்றையும் கல்லூரியில் சோதித்துவிடலாம். நாலாவது படி தொழுவத்தில்தான் தெரியும். சாணியும் ஈயும் சொந்தக்காரரின் பதற்றமும் சேர்ந்திருக்கிற அந்த இடத்தில் பக்கத்தில் நிற்பது நாம் மட்டும்தான்.

அதனால் நான் எனக்குள் வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வேலைக்கு இவரைத் தனியாக அனுப்புவேனா? நெதர்லாந்தைச் சேர்ந்த ஒல்லே டென் கேட்டே 2005-இல் எழுதத் தொடங்கிய ஒரு யோசனை எனக்கு இதில் ரொம்பவும் உதவியிருக்கிறது. மாணவருக்கு மதிப்பெண் போடாதே, ஒவ்வொரு வேலையிலும் அவரை எந்த அளவுக்கு நம்பி விடலாம் என்று சொல் என்கிறார். அதற்கு ஐந்து படி உண்டு. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விடுவது முதல் படி. நான் கூடவே நிற்க அவர் செய்வது இரண்டாவது. கூப்பிட்டால் வரும் தூரத்தில் நான் இருக்க அவர் செய்வது மூன்றாவது. தனியாகச் செய்வது நாலாவது. அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது ஐந்தாவது. பயிற்சிக் காலத்தில் சட்டப்படி பொறுப்பு நம்முடையது. ஆகவே நாலாம் படி என்று நான் எழுதினால், முழுப் பதிவு கையில் கிடைத்த மறுநாள் இந்த வேலையை இவரிடம் நம்பி விடலாம் என்று பொருள்.

ஒரே மாணவர் ஒரே நாளில் ஆட்டுக்குத் தடுப்பூசி போடுவதில் நாலாம் படியிலும், கன்று மாறிக் கிடக்கும் பிரசவத்தில் முதல் படியிலும் இருக்கலாம். இதில் குழப்பமே வேண்டாம். மதிப்பீடு வேலைக்கு வேலை மாறும். "கெட்டிக்காரப் பையன்", "மந்தமான பிள்ளை" என்று மொத்தமாக ஆளுக்கு முத்திரை குத்தினால் இது கண்ணுக்குப் படாது.

முதல் நாள்

முதல் நாள் ஒரு தாளில் நம் பகுதிக்கு அவசியமான வேலைகளை எழுதுங்கள். என் தாளில் இருப்பவை: பொதுப் பரிசோதனை, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்), சினைப் பரிசோதனை, பால் காய்ச்சல், மடிநோய், ஆட்டு வயிற்று உப்புசம், மரச்சீனி இலை நஞ்சு, புழு வைத்த புண், நஞ்சுக்கொடி விழாதது, கஷ்டப் பிரசவம், நாய்த் தடுப்பூசி, நாய்க்குட்டிக் கழிச்சல், பிரேதப் பரிசோதனை. மாணவரோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் அவர் தன்னை எந்தப் படியில் வைக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். அவர் சொன்னதை நம்பவும் மாட்டேன், சந்தேகப்படவும் மாட்டேன். பிறகு நான் பார்ப்பதோடு அதை ஒத்துப் பார்ப்பேன். தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கும் நேரில் நான் பார்ப்பதும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதும் ஒரு முக்கியமான தகவல். தன்னை மேல் படியில் வைத்துக்கொள்பவரைவிடக் கீழ்ப் படியில் வைத்துக்கொள்பவரைத் திருத்துவது சுலபம்.

அன்றைக்கே கேட்க வேண்டிய இன்னொன்று: வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டிய தடுப்பூசி முழுவதும் போட்டாயிற்றா? இல்லையென்றால் அதை முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். இதில் தாட்சண்யம் கூடாது.

பார்ப்பது

இந்த வேலையில் பாதிக்கு மேல் பார்ப்பதுதான். ஆனால் நம்மில் பலருக்கு இது வருவதில்லை. பார்க்கும்போதே கை முந்திக்கொண்டு போய்விடும், வாய் பதிலைச் சொல்லிவிடும்.

நிற்கும் இடம் முக்கியம். நீங்கள் மாட்டின் தலைப்பக்கம் நின்றால் சொந்தக்காரர் உங்களிடம்தான் பேசுவார். மாணவர் எடுபிடி ஆகிவிடுவார். போனவுடன், "இன்னைக்கு இவங்கதான் டாக்டர், நான் கூட நிக்கேன், ஒண்ணும் பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கமோ பின்பக்கமோ ஒதுங்கிக்கொள்ளுங்கள். கையில் டார்ச்சோ வாளியோ வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நமக்கும் ஒரு வேலை இருப்பதால் குறுக்கே பாயத் தோன்றாது.

ஒரு மழைக்கால இரவில் பார்த்த பால் காய்ச்சல் கேஸ் ஒன்றைச் சொல்கிறேன். பெயர்தான் காய்ச்சல்; கன்று போட்ட மாட்டுக்கு ரத்தத்தில் கால்சியம் குறைந்து, உடம்பு சில்லிட்டு, எழ முடியாமல் படுத்துவிடும் நோய் இது. ரப்பர் விளைக்குள் ஒரு வீடு. பசு முந்தின நாள் காலையில் மூன்றாவது கன்று போட்டிருந்தது. நெஞ்சை ஊன்றிப் படுத்து, கழுத்தை விலாப்பக்கம் மடக்கி வைத்திருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த பெண் வடமாவட்டத்துக்காரர். வீட்டுக்கார அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அந்தப் பெண் பையைத் திறப்பதற்கு முன்னால், கன்று எப்போது போட்டது, நஞ்சுக்கொடி விழுந்ததா, கடைசியாக எப்போது சாணி போட்டது என்று கேட்டார். காதைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. வெப்பமானி 98-ஐத் தாண்டவில்லை. அப்புறம் நாலு காம்பிலிருந்தும் உள்ளங்கையில் கொஞ்சம் கொஞ்சம் பீய்ச்சி என் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். அந்த இடத்தில்தான் எனக்கு மனசு நிறைந்தது. கடுமையான மடிநோயும் கன்று போட்ட மாட்டைக் கீழே தள்ளும் என்பது அவருக்குப் புத்தகத்தில் மட்டும் இல்லாமல் கையிலும் இருந்தது.

450 மில்லி கால்சியம் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைக்கச் சொன்னார். கழுத்து ரத்தக்குழாயில் ஊசி சரியாக நிற்கிறதா என்று ரத்தம் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் குழாயை இணைத்தார். பாட்டிலைத் தாழ்த்திப் பிடிக்கச் சொல்லி, தான் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து உட்கார்ந்தார். பாதி பாட்டில் போனபோது இதயம் தாளம் தப்பியிருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமலேயே குழாயை மடக்கிப் பிடித்தார். காத்திருந்தார். பிறகு இன்னும் மெதுவாக விட்டார். மாடு விலா நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணி போட்டது.

நான் பார்க்க விரும்பியது அந்தக் குழாயை மடக்கிய கையைத்தான். கால்சியத்தை வேகமாக விட்டால் இதயம் நின்றுபோகும் என்பது எல்லாருக்கும் தெரியும். காது இதயத்தில் இருக்கும்போதே, யாரும் சொல்லாமல் கை நிறுத்துகிறதா என்பதைத் தேர்வில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. மாடு எழுந்த சந்தோஷத்தில், சில மாடுகள் ஒன்றிரண்டு நாளுக்குள் மறுபடி விழும் என்பதையும், முதல் நாளில் மடியை முழுக்கக் காலி செய்ய வேண்டாம் என்பதையும் அக்காவிடம் சொல்லவில்லை. பையை மூடும்வரை காத்திருந்தேன். பிறகு, "அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா மக்களே?" என்று மட்டும் கேட்டேன். உடனே நினைவு வந்து சொல்லிவிட்டார். அன்றிரவு நான் எழுதிய குறிப்பு: பால் காய்ச்சல், மூன்றாம் படி. மடியைப் பார்த்தார், இதயத்தைக் கேட்டுக்கொண்டே மருந்தை நிறுத்தத் தெரிகிறது. பின்கவனிப்பை நினைவூட்ட வேண்டியிருந்தது.

எப்போது குறுக்கே போக வேண்டும்? மாட்டுக்கோ மாணவருக்கோ நிற்பவர்களுக்கோ ஆபத்து என்றால் அந்த நொடியே. எங்கள் ஊரில் இதற்கு நல்ல உதாரணம், வாயில் எச்சில் வடிய ஒரு பசு வந்து நிற்பது. "மரச்சீனிக் கெழங்கு தொண்டைல அடைச்சிருக்கு டாக்டரம்மா" என்று வீட்டுக்காரர் சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். அடைப்பு என்றால் பெரும்பாலும் வயிறும் உப்பும். வெறிநோயாகவும் இருக்கலாம். மாணவர் வெறுங்கையை வாய்க்குள் விடப் போனால் அங்கே மதிப்பீடெல்லாம் கிடையாது, கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதுதான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் அவர் என்ன கேட்டார் என்பதைக் கவனியுங்கள். நாய் கடித்ததா, கத்துகிற குரல் மாறியிருக்கிறதா, பின்னங்கால் தள்ளாடுகிறதா, தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்க முடியாமல் நிற்கிறதா, வீட்டில் யார் யார் வாயைத் தொட்டார்கள்? இவற்றைக் கேட்டுவிட்டு, "மேடம், நீங்களும் ஒரு தடவை பாருங்க, எனக்கு வெறிநோய்ச் சந்தேகம் இருக்கு" என்று தள்ளி நிற்கிறவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். அடைப்பு என்று பிறகு தெரியவந்தாலும் என் மதிப்பீடு மாறாது.

களைப்பில் எப்படி இருக்கிறார் என்பதையும் பாருங்கள். தடுப்பூசி முகாமில் முதல் பத்து ஆட்டுக்கு எல்லாரும் ஒழுங்காகத்தான் போடுவார்கள். வெயில் ஏறி, வரிசை குறையாமல், ஆட்டுக்காரர்கள் சத்தம் போடத் தொடங்கிய பிறகு போய் நில்லுங்கள். ஊசியை மாற்றுகிறாரா, மருந்துக் குப்பி ஐஸ் பெட்டிக்குள் திரும்பப் போகிறதா, நிறைசினை ஆட்டை மிரட்டிப் பிடிக்காமல் நிதானமாகப் பிடிக்கச் சொல்கிறாரா?

கையால் செய்யும் வேலைகள்

சினை ஊசியில் எல்லாரும் கை உள்ளே போனதையே பார்க்கிறார்கள். நான் அதற்கு முன்னால் நடப்பதைப் பார்க்கிறேன். மாடு உண்மையில் சினைப்பருவத்தில் இருக்கிறதா என்று உறுதி செய்தாரா? சினை மாடும் சில நேரம் பருவ அறிகுறி காட்டும். கேட்காமல், தொட்டுப் பார்க்காமல் விந்து செலுத்தும் துப்பாக்கியை உள்ளே விட்டால் கரு போய்விடும். உறைவிந்துக் குச்சியை எடுக்கும்போது திரவ நைட்ரஜன் கொள்கலனின் கழுத்துக்கு மேலே குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடுகிறாரா? உள்ளே மைனஸ் 196 டிகிரி. வெளிக்காற்று பட்டால் மீதிக் குச்சிகளும் கெடும். குச்சியை இளக்க 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி என்பதை வெப்பமானி வைத்துப் பார்க்கிறாரா, விரலை விட்டு ஊகிக்கிறாரா? குச்சியைத் துடைத்துவிட்டு வெட்டுகிறாரா? இவ்வளவும் சரியாக இருந்தால், கருப்பை வாயைக் கடக்கத் தடுமாறினாலும் எனக்குக் கவலை இல்லை. அது செய்யச் செய்யப் பழகிவிடும். கருப்பை உடலில் மெதுவாக விந்தை விடும் பொறுமை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன்.

ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பையைத் தொட்டுப் பார்க்கும் சினைப் பரிசோதனையில் நமக்கு ஒரு வசதி உண்டு. மாணவர் சொன்னதை உடனே நம் கையால் சரிபார்க்கலாம். ஆனால் முறை தவறக்கூடாது: அவர் முதலில் பார்த்து, தன் முடிவையும் எத்தனை மாதம் என்பதையும் தாளில் எழுதிவிட வேண்டும். அப்புறம்தான் நான் கையுறை போடுவேன். வாயால் சொல்லச் சொன்னால் என் முகத்தைப் படித்துப் பதிலை மாற்றுவார்கள். இளம் சினையில் இரண்டாவது தடவை கையை உள்ளே விடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அதற்காக மாட்டைச் சங்கடப்படுத்த வேண்டாம். "எதைத் தொட்டு சினைன்னு சொல்றீங்க?" என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். "கருப்பையோட வலது கொம்பு பெருசா இருக்கு, உள்ள நீர் தளும்புது" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், "இருக்கிற மாதிரி தோணுச்சு" என்பார். இரண்டு பேரின் விடையும் சரியாக இருந்தாலும் இரண்டும் ஒன்றாகாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கஷ்டப் பிரசவம் என்றால் வீட்டுக்காரர்களும், ஏன் நாமும்கூட, "நீ தள்ளி நில்லும்மா" என்று சொல்லிவிடுகிறோம். பிறகு, "பிரசவத்தில் அனுபவம் போதாது" என்று எழுதுகிறோம். இது அநியாயம். கன்றின் காலைத் தொட்டு, குளம்பிலிருந்து மேலே முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால் என்று பிரித்தறிய விரல் போதும். வழுக்கலுக்கு நிறைய வழவழப்புத் திரவம், சரியான இடத்தில் கயிறு, மாடு முக்கும்போது மட்டும் இழுப்பது ஆகியவற்றுக்கு வேண்டியது முறை. இழுக்க ஆள் வேண்டுமென்றால் வெளியே ரப்பர் பால்வெட்டு முடித்து வந்த நாலு பேர் நிற்பார்கள். மாணவி அவர்களை எப்படி வழிநடத்துகிறார் என்பதை மதிப்பிடுங்கள்.

உண்மை சொல்கிறாரா

கைத்திறன் குறைவாக இருந்தால் கற்றுக்கொடுக்கலாம். உண்மை குறைவாக இருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இதை நான் தனியாகவே கவனிக்கிறேன். ஒரு முறை ஒரு மாணவர் ஆட்டுக்கு எழுதிய சீட்டில் வெப்பநிலை 102.6 என்று இருந்தது. மேசையில் வெப்பமானி உறையைவிட்டு வெளியே வராமல் கிடந்தது. கூப்பிட்டு, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். தலையைக் குனிந்தார். ஆட்டைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது காய்ச்சல் இருந்தது. நல்ல அறிவுள்ள பிள்ளை. ஆனாலும் அடுத்து வந்த நாட்களில் எந்த வேலையிலும் அவரை இரண்டாம் படிக்கு மேல் நான் எழுதவில்லை. ஏன் என்பதை அவரிடமே சொன்னேன்.

இதற்கு மாறாக, "எனக்குத் தெரியல மேடம், கொம்பு கைக்கு எட்டல" என்று சொல்கிறவரைக் கொண்டாடுங்கள். அந்த வாக்கியத்தைச் சொன்னதற்காக நாம் ஒரு தடவை முகம் சுளித்தால் அதை மறுபடி நம்மிடம் சொல்ல மாட்டார். அடுத்த முறை ஊகத்தில் ஒரு மாதத்தைச் சொல்லுவார். மனித மருத்துவத்திலும் மேற்பார்வையாளர்கள் ஒரு பயிற்சி மருத்துவரை நம்பிவிடும் முன் அறிவையும் திறமையையும் தாண்டி, தன் எல்லை தெரிகிறதா, எடுத்த வேலையை முடிக்கிறாரா, உள்ளதைச் சொல்கிறாரா என்று பார்ப்பதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் தொழுவத்திலும் அப்படித்தான்.

எடுத்த வேலையை முடிப்பது என்பது சின்ன விஷயங்களில் தெரியும். மரச்சீனி பிடுங்கிய விளையில் இலையையும் தோலையும் தின்றுவிட்டு ஆடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால், மருந்து தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இலையில் இருக்கும் சயனைடு அவ்வளவு வேகம். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் எந்த அலமாரியில் இருக்கின்றன, காலாவதி எப்போது என்று, யாரும் சொல்லாமல் போய்ப் பார்த்துவைத்த மாணவர் ஒருவர் இருந்தார். அதையும் நான் தாளில் எழுதினேன்.

கேட்பதற்கும் ஒரு வழி

கேஸ் முடிந்து திரும்பும் வழியில், அதே மாட்டை வைத்து ஒரே ஒரு விஷயத்தை மாற்றிக் கேளுங்கள். "இதே மாடு எட்டு மாச சினையா இருந்தா டெக்சாமெத்தசோன் போட்டிருப்பீங்களா?" என்று கேட்டால், கன்று வெளியே வந்துவிடும் என்பது நினைவுக்கு வருகிறதா என்று தெரியும். "மடிக்குள்ள ஆன்டிபயாட்டிக் விட்டோமே, அக்கா நாளைக்கு சொசைட்டிக்குப் பால் ஊத்தலாமா?" "நாய்க்குட்டிக்குப் பதிலா பூனைக்குட்டிக்கு வீட்டுல பாராசிட்டமால் குடுத்திருந்தா?" புத்தகக் கேள்விக்கு வரும் ஒப்பித்தல் இதற்கு வராது. யோசிப்பது நன்றாகவே வெளியே தெரியும். நீங்கள் கேட்ட பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவர்கள் பார்த்தது

நாம் பார்க்கும்போது எல்லாரும் ஒழுங்குதான். மருந்தகத்தில் பல வருடமாக இருக்கும் கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் அண்ணனிடம் கேளுங்கள். "நான் இல்லாதப்ப எப்படிண்ணே?" என்ற ஒரு கேள்விக்கு அவர் தரும் பதில் நம் அரை நாள் கவனிப்புக்குச் சமம். மாட்டை நிறுத்திக் கட்டும் சட்டமான டிராவிஸில் மாட்டை ஏற்றும்போது கத்துகிறாரா, தட்டிக்கொடுக்கிறாரா, பயன்படுத்திய ஊசியை எங்கே போடுகிறார், கழுவாமல் விட்டுப் போகிறாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

கால்நடை வளர்ப்பவரிடம், "டாக்டர் நல்லா பார்த்தாங்களா?" என்று கேட்டால் "நல்ல பிள்ளை" என்றுதான் சொல்வார்கள். அதில் பயன் இல்லை. "அவங்க உங்கள வீட்ல என்ன செய்யச் சொன்னாங்க?" என்று கேளுங்கள். மருந்தையும் நேரத்தையும் சரியாகத் திருப்பிச் சொன்னால் மாணவர் விளங்கும்படி பேசியிருக்கிறார். வெளிமாவட்டப் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சு பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். அதற்காகக் குறைக்காதீர்கள். விளங்காதபோது மறுபடி கேட்டாரா, தலையாட்டிவிட்டு வந்துவிட்டாரா என்பதைப் பாருங்கள்.

எழுதுவது

அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள். இரண்டு வரி போதும்: கண்ணால் கண்டது ஒன்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. "ஆர்வமுள்ளவர்", "பரவாயில்லை", "முன்னேற்றம் தேவை" போன்ற சொற்களை நான் எழுதுவதே இல்லை. படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. எழுதத் தள்ளிப்போட்டால் கடைசி வாரம் மட்டும்தான் நினைவில் நிற்கும். கடைசி வாரத்தில் ஒரு கன்று செத்திருந்தால் அந்தப் பிள்ளையின் மொத்தப் பயிற்சியும் அதற்குள் மூழ்கிவிடும்.

நன்றாகப் பேசுகிறவர் நன்றாக வைத்தியமும் பார்ப்பார் என்று தோன்றும். போன தடவை வந்தவர் பிரமாதம் என்றால் இந்தத் தடவை வந்தவர் சுமாராகத் தெரிவார். மாடு வளர்க்கும் வீட்டிலிருந்து வந்த பிள்ளையிடம் நமக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிடும், நகரத்திலிருந்து வந்தவரிடம் வராது. இந்தச் சாய்வு எல்லாருக்கும் உண்டு. மனசைத் திருத்திக்கொண்டிருப்பதைவிட, எழுதிய குறிப்பில் கண்ணால் கண்ட செயல் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இல்லாத வரியை அடித்துவிடலாம்.

ஒரு கேஸை வைத்து முடிவெடுக்காதீர்கள். மடிநோயில் தெளிவாக இருப்பவர் உப்புசத்தில் தடுமாறுவது சகஜம். ஒருவர் ஒரு நோயில் காட்டும் திறமை அடுத்த நோயில் அப்படியே வரும் என்று எண்ண முடியாது. அதனால் நீளமாக ஒருமுறை பார்ப்பதைவிட, பத்து பதினைந்து நிமிடம் என்று பல தடவை, வெவ்வேறு மாட்டில், முடிந்தால் வெவ்வேறு மருத்துவர் பார்ப்பது நல்லது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் 2010-இலிருந்து இப்படித்தான் செய்கிறார்கள். சின்னச் சின்னக் குறிப்புகளைப் பலரிடமிருந்து சேர்த்துவைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துத்தான் பெரிய முடிவை எடுப்பார்கள். அவர்களிடம் உள்ள ஆள்பலம் நம்மிடம் இல்லை. ஆனால் பக்கத்து மருந்தகத்து மருத்துவரை ஒரு நாள் வரச்சொல்லி, நம் மாணவரை அவர் பார்க்கட்டும் என்று விட முடியும். நான் பார்க்கத் தவறியதை அவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

சொல்வது

வீட்டுக்காரர் முன்னால் ஒருபோதும் திருத்தாதீர்கள், ஆபத்தான நேரத்தைத் தவிர. வண்டியில் வரும்போதோ டீக்கடையிலோ, அன்றைக்கே சொல்லுங்கள். முதலில் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுவிட்டு, நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். திருத்த வேண்டியது ஐந்து இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த ஒன்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அதுவும் தாளில் ஏற வேண்டும். சொன்னதை எடுத்துக்கொண்டு மாறுகிறவர், இன்றைக்கு எந்தப் படியில் இருந்தாலும் மேலே வந்துவிடுவார்.

தேறாதவர் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, பேசாமல் இருந்துவிடுவது. பாவம், கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அடுத்த ஊரில் கற்றுக்கொள்வார் என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அடுத்த ஊரிலும் இதையே நினைப்பார்கள். பயிற்சிக் காலத்தின் நடுவிலேயே, எந்த வேலை, எந்தத் தேதி, என்ன பார்த்தேன் என்று குறிப்புகளை எடுத்துவைத்து நேரில் பேசுங்கள். இன்னும் எத்தனை கேஸ், என்ன மாறவேண்டும் என்று சொல்லுங்கள். அதே குறிப்பைக் கல்லூரிக்கும் அப்போதே அனுப்புங்கள். கடைசி நாளில் சொன்னால் மாணவருக்குத் திருத்திக்கொள்ள வழியில்லை, கல்லூரிக்கும் கூடுதல் நாள் ஏற்பாடு செய்ய நேரமில்லை. கண்ணீர் வரலாம், பெற்றோர் போன் செய்யலாம். குறிப்பு கையில் இருந்தால் அமைதியாகப் பேச முடியும்.

கடைசி நாள், முதல் நாள் எழுதிய அதே தாளை எடுத்து ஒவ்வொரு வேலைக்கும் இப்போதைய படியை எழுதுங்கள். பார்க்க வாய்ப்பே வராத வேலைக்கு எதிரே "பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். ஊகித்து ஒரு எண்ணைப் போடுவது, உறையிலிருந்து எடுக்காத வெப்பமானிக்கு வெப்பநிலை எழுதுவதைப் போலத்தான். தாளின் நகலை மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்து அவர் போகும் மருந்தகத்தில் அதைக் காட்டினால், கஷ்டப் பிரசவம் இவருக்கு இன்னும் இரண்டாம் படிதான், கூடவே நிற்க வேண்டும் என்பது அங்கிருக்கும் மருத்துவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.